கண் வீங்கினால் எத்தனை நாளில் வடியும்?

கண் வீங்கியவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, இது எப்போது வடியும் என்பதைத்தான். நியாயமான கேள்வி, அந்த ஓர் இடம் உப்பினாலே மொத்த முகமும் மாறிப்போகிறது, வெளியே தலைகாட்டவே தயக்கமாக இருக்கிறது. ஆனால் இதற்கு ஒரே பதில் கிடையாது. அழுது வீங்கிய கண் சில மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும், கண்கட்டி ஒன்றிரண்டு வாரம் எடுக்கும், இமைக்குள் அடைத்துக்கொண்ட எண்ணெய்ச் சுரப்பி மாதக்கணக்கில் கட்டியாகவே கிடக்கும், தைராய்டு கோளாறால் வந்த வீக்கம் ஒரு வருடம் தாண்டியும் இழுக்கும். நாள் கணக்கைத் தீர்மானிப்பது காரணம்தான், வீக்கத்தின் அளவு இல்லை. கண் முழுக்க மூடிக்கொள்ளும் அளவுக்கு வீங்கி வீட்டையே பதற வைக்கும் வீக்கம் பல சமயம் வெறும் பூச்சிக்கடியாக இருந்து இரண்டு மூன்று நாளில் போய்விடும். காலையில் லேசாகத் தெரிந்து மத்தியானத்துக்குள் மறைந்துவிடுகிற, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத வீக்கம் சிறுநீரகக் கோளாறின் முதல் அடையாளமாக இருக்கலாம். ஆகவே எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று அளப்பதைவிட, எப்படி ஆரம்பித்தது, நேற்றைக்கு இன்று கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா, கூடவே வேறு என்ன தொந்தரவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் பயன்படும்.

கண் ஏன் இவ்வளவு சுலபமாக வீங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது, ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதற்கு அடியில் மற்ற இடங்களில் இருப்பதுபோல் கெட்டியான கொழுப்புப் படலம் இல்லை, தளர்வான திசுதான் இருக்கிறது. ரத்தக் குழாயிலிருந்து கொஞ்சம் நீர் கசிந்தாலும் அந்தத் திசு பஞ்சு மாதிரி இழுத்து வைத்துக்கொள்ளும். கையிலோ முதுகிலோ சின்னத் தடிப்பாக முடிந்திருக்கக்கூடிய அதே ஒவ்வாமை, இமையில் வந்தால் கண்ணையே மூடிவிடுவது இதனால்தான். இன்னொரு விஷயம், நெற்றியில் அடிபட்டாலோ மூக்கின் பக்கம் ஏதாவது கடித்தாலோகூட நீர் கீழே இறங்கி இமையில் வந்து தங்கும். ஒரு பக்கம் பட்டது மறுநாள் மூக்குத்தண்டைத் தாண்டி அடுத்த கண்ணுக்கும் போவதைப் பார்த்து நோய் பரவுகிறது என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது நீர் இறங்குவதுதான்.

தூங்கி எழுந்ததும் தெரியும் வீக்கமும் இதே கதைதான். இரவு முழுவதும் படுத்தே இருக்கிறோம், நீர் காலுக்கு இறங்க வழியில்லை, கண்ணும் சிமிட்டாமல் மூடியே கிடக்கிறது. எழுந்து நடமாட ஆரம்பித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். முந்தின இரவு உப்பு அதிகமாகச் சாப்பிட்டிருந்தால், மது குடித்திருந்தால், தூக்கம் கெட்டிருந்தால், குப்புறப் படுத்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அழுத கண்ணும் அப்படித்தான், அதில் ஒரு பங்கு வீக்கம் கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தேய்ப்பதால் வருவது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிஷம் வைத்துக்கொண்டு, தலையைச் சற்று உயர்த்தி உட்கார்ந்திருந்தால் போதும், இதற்கு மருந்தே வேண்டாம்.

அடுத்து ஒவ்வாமை. கண் வீக்கத்துக்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று இது, இதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் முக்கியமான அடையாளம் அரிப்பு. வலிக்கிறதா அரிக்கிறதா என்ற ஒரு கேள்வியிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். அரிப்பு, இரண்டு கண்ணிலும் நீர் வடிதல், கூடவே தும்மல், மூக்கொழுகல் என்றால் தூசி, மகரந்தம், வளர்ப்புப் பிராணியின் செதில் போன்ற எதையோ உடம்பு ஏற்கவில்லை என்று அர்த்தம். அதைத் தொட்ட உடனே இமையிலுள்ள சில செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன, அது ரத்தக் குழாய்களைத் தளர்த்தி நீரைக் கசியவிடுகிறது. கண்ணைக் கசக்கினால் அதே செல்கள் இன்னும் கொஞ்சம் ஹிஸ்டமினைக் கொட்டும், அதனால் அரிப்பு கூடும், இன்னும் கசக்கத் தோன்றும். இந்தச் சுற்றை உடைப்பதுதான் பாதி சிகிச்சை. குளிர்ந்த ஒத்தடம், கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இல்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, மருத்துவர் சொல்லும் ஒவ்வாமைச் சொட்டு மருந்து அல்லது மாத்திரை. ஒவ்வாமை தந்த பொருள் விலகிவிட்டால் சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வடியும். விலகாவிட்டால், அந்தப் பருவம் முடியும் வரை வந்து வந்து போகும். சிலருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் சவ்விலேயே நீர் கோத்து இமைக்கு வெளியே பிதுங்கி நிற்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், அரிப்பு மட்டும் இருந்து பார்வை சரியாக இருந்தால் அது குளிர்ந்த ஒத்தடத்தில் சில மணி நேரத்தில் பெரும்பாலும் அமுங்கிவிடும்.

தொட்டவுடன் வராமல் ஒன்றிரண்டு நாள் கழித்து வரும் ஒவ்வாமையும் உண்டு, இதில்தான் பலரும் காரணம் தெரியாமல் திண்டாடுகிறார்கள். தலைக்குச் சாயம் பூசியது முந்தாநாள், கண் வீங்கியது இன்று, இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. சாயத்தில் இருக்கும் பாரா பினைலின் டையமின் என்ற பொருள் இதற்குப் பேர்போனது. நெற்றியோரத்திலும் காதோரத்திலும் தோல் தடித்து, இமைகள் இரண்டும் உப்பி, சில நாள் கழித்துத் தோல் வறண்டு உரியும். நகப்பூச்சுகூட இப்படிச் செய்யும், விரலில் ஒன்றும் ஆகாது, அந்த விரலால் அடிக்கடி தொடும் இமைதான் வீங்கும், ஏனென்றால் இமைத் தோல் மெல்லியது. இன்னும் கொடுமை என்னவென்றால், கண் சரியாகட்டும் என்று போட்ட சொட்டு மருந்தே காரணமாகிவிடுவது. நியோமைசின் கலந்த மருந்துகளும், சொட்டு மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மருந்து போடப் போட வீக்கம் கூடுகிறது என்றால் மருந்தையே சந்தேகப்பட வேண்டும். காரணத்தை நிறுத்திய பிறகும் இந்த வகை வீக்கம் உடனே போகாது, ஒரு வாரம், சில சமயம் இரண்டு மூன்று வாரம்கூட ஆகும்.

ஒவ்வாமையில் ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாதது. கண்ணோடு சேர்ந்து உதடு, நாக்கு வீங்குகிறது, குரல் கரகரக்கிறது, மூச்சு இழுக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் அது கண் பிரச்சினையே இல்லை, உயிர்ப் பிரச்சினை. ஒத்தடம், மாத்திரை என்று நேரம் போக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், அங்கே முதலில் தருவது அட்ரினலின் ஊசி. இந்த அறிகுறிகள் இல்லாமல் இமையும் உதடும் மட்டும் தடித்து வீங்கும் வகை பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளில் வடிந்துவிடும், ஆனாலும் முதல் சில மணி நேரம் பக்கத்தில் ஆள் இருப்பது நல்லது. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இப்படி வந்தால் அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். பல மாதம், ஏன் சில வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு நாள் வீக்கத்தைக் கொடுக்கும், வழக்கமான ஒவ்வாமை மாத்திரைக்கு அது சரியாகக் கட்டுப்படாது. மருத்துவரிடம் போகும்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பூச்சிக்கடி பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. இரவு படுக்கும்போது நன்றாக இருந்த கண் காலையில் ஒரு பக்கம் மட்டும் மூடியிருக்கிறது, அரிக்கிறது, காய்ச்சல் இல்லை, உற்றுப் பார்த்தால் ஒரு சின்னக் கடிவாய் தெரிகிறது. முதல் இரண்டு நாள் கூடும், அப்புறம் இறங்கும். மூன்றாவது நாளும் கூடிக்கொண்டே போனால், தொட்டால் சூடாக, சிவந்து, வலித்தால், கடிவாய் வழியாகக் கிருமி இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கண்கட்டிக்கு வருவோம். இமை விளிம்பில், இமை முடியின் வேரில் இருக்கும் சுரப்பியில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா புகுந்து சீழ் பிடிப்பதுதான் கண்கட்டி. முதல் நாள் இமை முழுக்க வீங்கி எங்கே கட்டி என்றே தெரியாது, இரண்டாவது மூன்றாவது நாளில் வீக்கம் ஒரு புள்ளியில் திரண்டு, மஞ்சளாக முனை வைக்கும், பிறகு தானே உடைந்து வடியும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம். இதற்கு நல்ல மருந்து சூடான ஒத்தடம், ஆனால் அதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு. துணியை வெந்நீரில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்துவிட்டு எடுத்தால் ஒன்றும் நடக்காது, துணி அதற்குள் ஆறிவிடும். பத்து நிமிஷமாவது சூடு தொடர்ந்து இருக்க வேண்டும், துணி ஆற ஆற மறுபடி நனைத்து வைக்க வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும். சூடு எவ்வளவு என்றால், மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. இமைத் தோல் மெல்லியது என்பதால் வெந்துபோகும் ஆபத்து நிஜமானது. முனை வைத்த கட்டியைப் பிதுக்கவே பிதுக்காதீர்கள். உள்ளே இருப்பது வெளியே வருவதற்குப் பதிலாகச் சுற்றியுள்ள திசுவுக்குள் போனால், ஒரு வாரத்தில் முடிய வேண்டியது மருத்துவமனைக்குப் போக வேண்டியதாக மாறும்.

கண்கட்டி மாதிரியே தெரிந்து, ஆனால் வலிக்காமல், இமையின் நடுவில் பட்டாணி அளவில் கெட்டியாக உருளும் கட்டி வேறு. அதற்குக் கலேசியன் என்று பெயர். மேல் இமையில் முப்பது சொச்சம், கீழ் இமையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடாமல் மேலே ஒரு எண்ணெய்ப் படலம் போடுவது இவற்றின் வேலை. அதில் ஒன்றின் வாய் அடைபட்டால் எண்ணெய் உள்ளேயே உறைந்து, உடம்பு அதைச் சுற்றிக் கட்டி கட்டிவிடும். இங்கே கிருமி பெரிய பங்கு வகிப்பதில்லை, அதனால் ஆண்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு இது கரையவில்லையே என்று வருத்தப்படுவதில் பொருள் இல்லை. உறைந்த எண்ணெயை இளக்குவது சூடுதான். ஒத்தடம் கொடுத்துவிட்டு, சுத்தமான விரலால் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் இமை விளிம்பைப் பார்த்து மெதுவாக நீவிவிட வேண்டும். வாரக்கணக்கில் பொறுமையாகச் செய்தால் பல கட்டிகள் கரைகின்றன. ஒன்றிரண்டு மாதத்துக்கு அப்புறமும் அசையவில்லை என்றால் மருத்துவர் கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார், அல்லது இமையை மரத்துப்போகச் செய்து உள்பக்கமாகக் கீறிச் சுரண்டி எடுப்பார், சில நிமிஷ வேலை, வெளியே தழும்பும் தெரியாது. வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இந்தக் கட்டி வந்தால், அந்த இடத்தில் இமை முடி உதிர்ந்திருந்தால், எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் அரிதான புற்றுநோய் ஒன்று இதே வேஷத்தில் வரும்.

கண்கட்டி வந்து போய் வந்து போய் இருப்பவர்களுக்கு அடிப்படையில் இமை விளிம்பு அழற்சி இருக்கும். இமை முடி வேரில் பொடுகுச் செதில், காலையில் பிசுபிசுப்பு, எரிச்சல். முழுசாகக் குணமாகிப் போய்விடும் நோய் அல்ல இது, தினமும் இமை விளிம்பைச் சுத்தம் செய்து அடக்கி வைக்க வேண்டிய நோய். சுத்தம் செய்வதை நிறுத்தினால் திரும்ப வரும்.

மெட்ராஸ் ஐ என்று எல்லோரும் சொல்லும் கண் சிவப்பில் வீக்கம் இமையில் தெரிந்தாலும் கோளாறு வெண்விழிச் சவ்வில். பெரும்பாலும் வைரஸ், அதிலும் அடினோவைரஸ் தான் அதிகம். இதன் நாள் கணக்கு தெரியாததால்தான் தேவையில்லாத மருந்தெல்லாம் உள்ளே போகிறது. முதல் நான்கைந்து நாள் கூடிக்கொண்டேதான் போகும், ஒரு கண்ணில் ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் அடுத்த கண்ணுக்கும் போகும், பிறகுதான் இறங்கும். முழுசாகத் தெளிய இரண்டு வாரம், சிலருக்கு மூன்று. ஐந்தாம் நாள் இன்னும் சரியாகவில்லையே என்று மருந்தை மாற்றிப் போட்டு, ஏழாம் நாள் குறைந்ததும் அந்த மருந்துதான் குணமாக்கியது என்று நம்பி, அதையே அடுத்தவருக்கும் சிபாரிசு செய்கிறோம். வைரஸ் தன் போக்கில் இறங்கியதுதான் நடந்தது. ஆண்டிபயாட்டிக் சொட்டு மருந்து வைரஸைக் கொல்லாது. பீளை மஞ்சளாகக் கெட்டியாக வந்து, காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவே முடியவில்லை என்றால் பாக்டீரியாவாக இருக்கலாம், அப்போது அது பயன்படும், ஒரு வாரம் பத்து நாளில் சரியாகும்.

இங்கே நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மருத்துவர் கண்ணைப் பார்க்காமல் போடாதீர்கள். முன்பு ஒரு தடவை எழுதித் தந்த பாட்டில் வீட்டில் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் சரியானது என்பதெல்லாம் காரணமே ஆகாது. அது சிவப்பையும் வீக்கத்தையும் ஒரே நாளில் அடக்கிவிடும், அதனால்தான் அவ்வளவு நம்பிக்கை. ஆனால் உள்ளே இருப்பது ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் அந்த மருந்தின் தயவில் அது கருவிழியை அரித்துத் தழும்பாக்கிவிடும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும், கண்புரையும் வரும், இரண்டுமே வலி இல்லாமல் வரும். சிவந்த கண்ணை வெளுக்க வைக்கும் சொட்டு மருந்துகளும் ரத்தக் குழாயைத் தற்காலிகமாகச் சுருக்குகின்றன, அவ்வளவுதான். தினமும் போட்டுவிட்டு நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும்.

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி. இமைக்குப் பின்னால், கண்குழியின் வாயில், மெல்லிய திரை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வுக்கு முன்னால் கிருமித் தொற்று இருந்தால் அது இமையோடு நிற்கிறது. பின்னால் போய்விட்டால் கண்குழிக்குள் நுழைந்துவிட்டது, அங்கிருந்து பார்வை நரம்பும் மூளையும் தூரத்தில் இல்லை. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி சிவந்து, சூடாக, வலியோடு வீங்கிய இமைதான். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க விரலால் இமையை மெதுவாகத் திறந்து பார்க்க வேண்டும். கண் எல்லாப் பக்கமும் சுலபமாகத் திரும்புகிறதா, திரும்பும்போது வலிக்கிறதா, விழி முன்னால் பிதுங்கியிருக்கிறதா, இரண்டு இரண்டாகத் தெரிகிறதா, பார்வை மங்குகிறதா, நிறங்கள் வெளிறித் தெரிகின்றனவா? இதில் ஒன்று இருந்தாலும், கூடவே காய்ச்சலும் இருந்தால் சொல்லவே வேண்டாம், அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் சைனஸ் தொற்றிலிருந்து வருகிறது, மூக்குக்கும் கண்குழிக்கும் இடையே உள்ள எலும்பு காகிதம் அளவுக்கு மெல்லியது. சளி பிடித்து ஒரு வாரம் ஆன குழந்தைக்கு ஒரு கண் சிவந்து வீங்கினால் அதைப் பூச்சிக்கடி என்று ஒதுக்கிவிடாமல் மேலே சொன்னதைப் பாருங்கள். இமையோடு நின்ற தொற்றுக்கு மாத்திரை போதும், ஆரம்பித்த 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் குறையத் தொடங்க வேண்டும், ஒரு வாரம் பத்து நாளில் முடியும். அந்த 48 மணி நேரம் தாண்டியும் குறையவில்லை என்றால் பாட்டிலில் மீதி மருந்து இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. கண்குழிக்குள் போன தொற்றுக்கு ரத்தக் குழாய் வழியே மருந்து, ஸ்கேன், தேவைப்பட்டால் சீழை எடுக்க அறுவை சிகிச்சை.

நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு சின்னக் கொப்புளங்கள் வந்து அதே பக்கக் கண் வீங்கினால் அது அக்கி. பழைய சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து மறுபடி எழுவதால் வருவது. கொப்புளம் மூக்கு நுனிக்கும் வந்திருந்தால் கண்ணுக்குள்ளும் போயிருக்க வாய்ப்பு அதிகம், ஒரே நரம்புதான் இரண்டு இடத்துக்கும் போகிறது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை ஆரம்பித்துவிடுவது நல்லது. மூக்கை ஒட்டிய உள்மூலையில் மட்டும் சிவந்து வலித்து வீங்கினால் கண்ணீர்ப் பையில் சீழ் பிடித்திருக்கிறது. அதற்கும் மருந்து வேண்டும், மருந்தில் அடங்கினாலும், கண்ணீர் மூக்குக்கு வடியும் குழாயில் அடைப்பு இருக்கும் வரை திரும்ப வரலாம்.

அடிபட்டு வீங்கிய கண் முதல் இரண்டு நாள் அதிகமாக வீங்கும், அந்த இரண்டு நாளும் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், பத்துப் பதினைந்து நிமிஷம், நடுநடுவே இடைவெளி விட்டு. விழியை அழுத்தாமல் சுற்றியுள்ள எலும்பின் மேல் வைக்க வேண்டும். அப்புறம் கருநீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் மறையும், கசிந்த ரத்தத்தை உடம்பு படிப்படியாகச் சிதைத்து அகற்றும் நிறங்கள்தான் அவை. ஆனால் இரண்டு இரண்டாகத் தெரிந்தாலோ, கன்னமும் மேல் உதடும் மரத்துப்போயிருந்தாலோ கண்குழியின் தரை எலும்பு விரிசல் கண்டிருக்கலாம், அந்த நிலையில் மூக்கைப் பலமாகச் சிந்தினால் காற்று இமைக்குள் ஏறி இன்னும் உப்பும். தலையில் அடிபட்டு, கண்ணில் படாமலேயே இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தால் அது மண்டை ஓட்டின் அடிப்பகுதி முறிவாக இருக்கக்கூடும், உடனே போக வேண்டும். ரசாயனம் தெறித்திருந்தால் ஒத்தடமும் வேண்டாம், யோசனையும் வேண்டாம், அந்த இடத்திலேயே குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டுப் பிறகு கிளம்புங்கள்.

காலையில் மட்டும் தெரியும் வீக்கம் சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம் என்று முதலிலேயே சொன்னேன், குழந்தைகளிடம் இதைக் கவனிக்க வேண்டும். நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகக் கோளாறில் ரத்தத்திலுள்ள புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகிறது. ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பதில் அந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு, அது குறைந்தால் நீர் வெளியே கசிந்து முதலில் இமையில் சேர்கிறது. அரிப்பு இருக்காது, சிவப்பு இருக்காது, வலி இருக்காது. மத்தியானம் வடிந்துவிடுவதால் வீட்டிலும் கவலைப்பட மாட்டார்கள், ஒவ்வாமை என்று மாத்திரை கொடுத்து வாரக்கணக்கில் ஓடிவிடும். அதற்குள் காலும் வயிறும் வீங்கத் தொடங்கும், சிறுநீர் நுரைக்கும். இத்தனைக்கும் இதைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை, சில நிமிஷத்தில் விடை தெரியும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு மாத்திரையில் சில வாரத்துக்குள் புரத ஒழுக்கு நிற்கிறது, வீக்கமும் வடிகிறது. அரிப்பு இல்லாமல் இரண்டு கண்ணும் தொடர்ந்து சில நாள் காலையில் வீங்கும் எந்தக் குழந்தைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யாமல் ஒவ்வாமை என்று முடிவு கட்டக் கூடாது என்பது என் திடமான கருத்து. கர்ப்பிணிகளுக்கு இருபது வாரத்துக்கு மேல் முகமும் கண்ணும் திடீரென்று வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கு மெதுவாக, மாதக்கணக்கில் கூடும் வீக்கத்தில் தைராய்டை மறக்கக் கூடாது. சுரப்பு குறைந்தால் முகமே உப்பி இமை கனத்துத் தொங்கும், மாத்திரையில் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் சரியாகும். பெரும்பாலும் சுரப்பு அதிகமாகும் கிரேவ்ஸ் நோய் என்ற வகையில் கதை வேறு. கண்குழிக்குள் இருக்கும் தசையும் கொழுப்புமே வீங்கி விழியை முன்னே தள்ளும், இமை மேலேறி முறைத்துப் பார்ப்பதுபோல் தெரியும். அழற்சி இருக்கும் காலம் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை ஓடும், தைராய்டு அளவு சரியாகிவிட்டாலும் கண் உடனே சரியாகாது. புகைபிடிப்பவர்களுக்கு இது நன்றாகவே மோசமாகும், சிகிச்சைக்கும் சரியாகக் கட்டுப்படாது.

வயது ஏற ஏறக் கண்ணுக்குக் கீழே தொங்கும் பை வீக்கமே அல்ல. முன்னால் சொன்ன அந்தச் சவ்வு தளர்ந்து, பின்னாலிருந்த கொழுப்பு முன்னே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. ஒத்தடத்துக்கும் களிம்புக்கும் அது போகாது, போக வைக்கும் என்று விற்கப்படுபவை தோலை ஓரிரு மணி நேரம் இறுக்கிக் காட்டுகின்றன. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், ஆபத்தில்லை, வேண்டும் என்றால் அறுவை சிகிச்சைதான் வழி. அதிலும் முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் கூடி, இரண்டு வாரத்தில் பெரும்பகுதி வடியும், மிச்சம் சில மாதம் எடுத்துக்கொள்ளும். கண்புரை அறுவைக்குப் பிறகு வருவது வேறு: லேசான வீக்கம் நாளுக்கு நாள் குறைய வேண்டும், சில நாள் நன்றாக இருந்துவிட்டு வலி கூடிப் பார்வை குறைந்தால் கண்ணுக்குள் தொற்று வந்திருக்கலாம், அதில் மணிக்கணக்கு முக்கியம்.

எந்த வகை வீக்கமாக இருந்தாலும் வடியும் வரை காண்டாக்ட் லென்ஸ் போடாதீர்கள், கண் மையும் இமைப் பூச்சும் வேண்டாம், வீக்கத்தின்போது பயன்படுத்தியவற்றைத் திரும்ப எடுக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். லென்ஸ் போடுபவருக்குக் கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் கருவிழியில் புண் இருக்கலாம், அதை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் வீக்கத்தைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடியில் பார்த்து நேற்றைவிடப் பரவாயில்லை என்று நினைப்பது பெரும்பாலும் ஆசைதான், போட்டோ சரியாகச் சொல்லிவிடும். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அந்தப் போட்டோக்களையும், அதுவரை கண்ணில் விட்ட எல்லா மருந்தின் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், பெயர் மறந்துவிட்டது, நீல மூடி போட்டது என்று சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது.